சரிவில் எதை நம்புவது: குண்டுமானியா, போனா, முன்னே நடக்கும் ஆளா?

மாரி ஓய்ந்ததும் திருகோணமலை மாவட்டத்து மூதூர், வெருகல் பக்கத்து வயல் பாதைகளில் ஒரு கரை வெள்ளத்தால் அரிபட்டுக் கிடக்கும். அதில் டபுள் கேப்பைப் பக்கவாட்டில் சாய்த்துக்கொண்டு போகும்போது, இன்னும் எவ்வளவு தாங்கும் என்று எதைப் பார்த்து முடிவு செய்வது?

முதலில் கணக்கு. இடது, வலது சில்லுகளுக்கு நடுவே 1.5 மீற்றர், பாரமையம் தரையிலிருந்து 0.7 மீற்றர் என்றால், அசையாமல் நிற்கும் வண்டி ஏறக்குறைய 47 பாகையில் கவிழும். நிஜத்தில் அவ்வளவு தாங்காது. கீழ்ப்பக்கத்து ஸ்பிரிங்கும் ரயரும் அமுங்கி வண்டியை மேலும் சாய்க்கும். 2 தொன் வண்டியின் கூரையில் 100 கிலோ ஏற்றினால் இன்னொரு 2 பாகை போய்விடும். நான் 25 பாகைக்கு மேல் பக்கச் சரிவில் போகமாட்டேன். இரண்டடிக்கு ஓரடி ஏறும் குளக்கட்டுச் சரிவே 27 பாகை வரும்.

டாஷ்போர்டில் ஒட்டி, உள்ளே உருளும் சின்னக் குண்டால் வண்டியின் சாய்வைக் காட்டும் குண்டுமானிக்கு பற்றரி வேண்டாம். குண்டு எண்ணெய்க்குள் உருள்வதால் சின்னக் குலுக்கலுக்குத் துள்ளாது, ஒரு பார்வையில் விளங்கும். சாய்வு அளக்கும் போன் செயலி காசில்லாமல் கிடைக்கும், ஆனால் ஹோல்டர் கொஞ்சம் அசைந்தாலே எண் பிழைக்கும். திருகோணமலை வெயிலில் போன் சூடேறித் திரை மங்கிவிடும். சில செயலிகள் பாகைக்குப் பதில் சதவீதம் காட்டும்: 30 சதவீதம் என்பது 17 பாகைதான், 30 பாகையோ 58 சதவீதம். இதைக் குழப்பினால் ஆபத்து. வண்டிக்குள் வைக்கக் குண்டுமானியே மேல். வளைவிலும் குலுக்கலிலும் இரண்டுமே பிழையாகக் காட்டும், ஆகவே நிறுத்தியோ ஊர்ந்தோதான் பார்க்க வேண்டும்.

இரண்டுக்கும் பெரிய குறை ஒன்று உண்டு. இப்போதைய சாய்வைத்தான் காட்டும், அடுத்த அடியைக் காட்டாது. 20 பாகையில் போகும்போது கீழ்ச் சில்லு 15 சென்ரிமீற்றர் பள்ளத்தில் இறங்கி, அதே நேரம் மேல் சில்லு அதே உயரக் கல்லில் ஏறினால், சாய்வு 31 பாகையைத் தாண்டிவிடும். மானி அதைச் சொல்லும்போது வண்டி அங்கே போயாயிற்று.

முன்னே நடக்கும் ஆள் இந்த இடத்தில்தான் வெல்கிறார். "தம்பி, கரை உள்ளுக்கால அரிச்சுக் கிடக்கு, ஏத்தாத" என்று முன்னே நடக்கும் வயல்காரர் சொல்வதை எந்தக் கருவியும் சொல்லாது. புல் மூடிய வாய்க்கால் வெட்டு அவருக்குத்தான் தெரியும். அவர் எப்போதும் சரிவின் மேற்பக்கமாகவே நிற்க வேண்டும், கீழ்ப்பக்கம் ஒருபோதும் கூடாது. போனும் இங்கே உதவும்: இடது, வலது சில்லுகளுக்கு நடுவேயுள்ள அகலத்துக்குச் சமமான நேரான தடியொன்றைப் பாதைக்குக் குறுக்கே வைத்து, அதன்மேல் போனைக் கிடத்தினால், வண்டியை இறக்கும் முன்பே சரிவு தெரிந்துவிடும்.

உடம்பின் உணர்வை நான் கணக்கில் எடுப்பதில்லை. பழகாதவருக்கு 15 பாகையே கவிழப்போவது போலிருக்கும், பழகியவருக்கு 30 பாகையிலும் பயம் வராது.

தனியாகப் போகிறவர் குண்டுமானியைப் பூட்டிக்கொண்டு, சந்தேகமான இடமெல்லாம் இறங்கி நடந்து பார்க்கட்டும். மேல் சில்லு கிளம்புகிறது என்று பட்டால், கீழே இடம் இருக்கும் பட்சத்தில் ஸ்டியரிங்கைச் சரிவின் கீழ்ப்பக்கம் திருப்புங்கள். பெல்ட்டைக் கழற்றாதீர்கள், கையை வெளியே நீட்டாதீர்கள்.