“கார்பன் கட்டை, ஐந்தரை பவுண்டு”: மலை வேட்டைக்குத் துப்பாக்கி வாங்கப் போகிறவர்கள் கவனத்துக்கு

அமெரிக்காவின் கொலராடோ மலைகளில் மான் வேட்டைக்காக, கையால் தாழ்ப்பாளை (போல்ட்) இழுத்துத் தோட்டா ஏற்றும் எடை குறைந்த போல்ட் ஆக்‌ஷன் ரைபிள் தேடிக்கொண்டிருக்கும் நண்பர்கள், பணம் கொடுப்பதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். டென்வர் வட்டாரத்துக் கடை ஒன்று எனக்கு விற்ற துப்பாக்கியில் சொன்ன எடையும் இல்லை, சொன்ன பொருளும் இல்லை. அதைவிட மோசம், விசையில் விரல் படாமலே வெடிக்கும் நிலையில் அதை என் கையில் கொடுத்தார்கள். பணம் போனால் சம்பாதித்துக்கொள்ளலாம். பக்கத்தில் நிற்பவர்களின் உயிரைப் பணயம் வைத்ததைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

நான் வேட்டைக்குப் போவது ஃபிளாட் டாப்ஸ் வனப்பகுதிக்கு. அங்கே மோட்டார் வண்டிகளுக்கு அனுமதியில்லை, சைக்கிளுக்கும் இல்லை. கால்நடையாகவோ குதிரையிலோதான் போக வேண்டும். ட்ராப்பர்ஸ் ஏரிக்கரையே 9,000 அடிக்கு மேல் இருக்கிறது, அங்கிருந்து பீடபூமிக்கு ஏறினால் 11,000 அடியை நெருங்கிவிடுவோம். கூடாரம், தண்ணீர், உணவு எல்லாவற்றையும் முதுகில் ஏற்றிக்கொண்டு அந்தக் காற்றில் ஏறுகிறவனுக்கு அரை கிலோ குறைந்தாலும் அது பெரிய உதவி. திரும்பும்போது இறைச்சியும் சேர்ந்துகொள்ளும். அந்த அரை கிலோவுக்காக நாம் நூற்றுக்கணக்கான டாலர் கூடுதலாகக் கொடுக்கத் தயாராக இருக்கிறோம் என்பது விற்பவர்களுக்கு நன்றாகத் தெரியும்.

எனக்கு விற்கப்பட்டது, பிரபலமான ஒரு தொழிற்சாலைத் துப்பாக்கியைக் கடையின் சொந்தப் பட்டறையில் “மலைக்கேற்ப மெருகேற்றியது”. கார்பன் இழையில் செய்த கட்டை (குழலைத் தாங்கித் தோளில் பதியும் பகுதி), இலகுவாக்கிய விசை, குறிபார்க்கும் தொலைநோக்கியான ஸ்கோப் இல்லாமல் ஐந்தரை பவுண்டு, அதாவது 2.5 கிலோ. 100 கஜத்தில் மூன்று தோட்டாவும் அரை அங்குல வட்டத்துக்குள் விழும் என்று சொல்லி, அதற்குச் சாட்சியாக மூன்று துளை விழுந்த காகிதம் ஒன்றையும் பெட்டிக்குள் வைத்திருந்தார்கள். அதில் தேதி இல்லை, துப்பாக்கியின் வரிசை எண்ணும் இல்லை. கேட்டதற்கு, “எங்கள் பட்டறையில் எல்லாம் வாய்ச்சொல்தான்” என்றார் விற்பனையாளர்.

முதலில் அவர் என் தலையில் கட்டப் பார்த்தது .300 வின்செஸ்டர் மேக்னம் என்ற வலுவான தோட்டா வகைக்கான துப்பாக்கி. மலையில் தூரத்துக்குச் சுட வேண்டியிருக்கும் என்பது அவர் வாதம். இதை நம்பாதீர்கள். கொலராடோ விதிகளின்படி மானுக்குக் குறைந்தபட்சம் 6 மில்லிமீட்டர் விட்டமும் 70 கிரெய்ன் (தோட்டாவை அளக்கும் சிறிய எடை அளவு) எடையும் உள்ள, பட்டதும் விரியும் தோட்டா போதும். அதைவிடச் சிறிய 7எம்எம்-08 ரெமிங்டன் வகையில் 140 கிரெய்ன் தோட்டா, அங்குள்ள மியூல் இன மானுக்குத் தாராளம். 6.5 கிரீட்மூரும் .308 வின்செஸ்டரும் அப்படியே. எடை குறையக் குறையத் துப்பாக்கி தோளில் உதைக்கும் உதை கூடும். ஆறு பவுண்டுத் துப்பாக்கியில் .300 மேக்னம், 7எம்எம்-08ஐப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு உதைக்கும். அந்த உதையை எதிர்பார்த்துக் கண்ணை மூடிக்கொண்டு சுடுபவரின் குறி எங்கே விழும் என்று யாருக்கும் தெரியாது. காயத்தோடு ஓடும் மானை விடக் கொடுமையான காட்சி வேட்டையில் இல்லை. நான் 7எம்எம்-08தான் வேண்டும் என்று கேட்டு வாங்கினேன்.

வீட்டில் பெட்டிகளை எடைபோட வைத்திருக்கும் தொங்கு தராசில் மாட்டினேன். ஸ்கோப் இல்லாமலே மூன்று கிலோ. மிகுந்த அந்த அரை கிலோ எங்கிருந்து வந்தது என்று பார்க்க, அடியில் இருந்த இரண்டு திருகுகளையும் கழற்றிக் கட்டையைப் பிரித்தேன். உள்ளே வெறும் பிளாஸ்டிக். அச்சில் வார்த்த சாதாரணத் தொழிற்சாலைக் கட்டை, விறைப்புக்காகக் குறுக்கே ஓடும் பிளாஸ்டிக் வரிகளோடு அப்படியே இருந்தது. வெளியே தெரிந்த கார்பன் பின்னல், தண்ணீரில் மிதக்கவிட்ட படலத்தில் முக்கி எடுத்து ஒட்டவைத்த படம். மேலே வார்னிஷ் பூசிவிட்டால் கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது.

இது எடையோடு முடிகிற விஷயமும் அல்ல. அந்தப் பிளாஸ்டிக் முன்பகுதி கைக்கு வளைகிறது. முன்னால் இரண்டு கால் உள்ள தாங்கி மாட்டி அதன்மேல் சாய்ந்தாலோ, தோள்வாரை இறுக்கிப் பிடித்தாலோ கட்டை வளைந்து குழலைத் தொடுகிறது. குழல் எதையும் தொடாமல் நின்றால்தான் அது ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி அதிரும். சுடுதளத்தில் மணல் பையின் மேல் வைத்துச் சுட்டபோது ஓரிடத்திலும், தாங்கியில் வைத்துச் சுட்டபோது 100 கஜத்திலேயே நாலு அங்குலம் தள்ளியும் தோட்டா விழுந்தது. மலையில் 250 கஜத்தில் அந்த விலகல் பத்து அங்குலம் ஆகிவிடும். மானின் நெஞ்சுக்கு வைத்த குறி வயிற்றில் பாயும்.

ஸ்கோப் மாட்டியதற்குத் தனிக் கூலி வாங்கினார்கள். முன்பக்கத் திருகு நீளம் அதிகமாகி உள்ளே போல்டை உரசியது. இதை ஒரு வரியில் சொல்லிவிட்டு முக்கியமான இடத்துக்கு வருகிறேன்.

அதே சுடுதளத்தில் தோட்டாவை ஏற்றி, போல்டைப் பூட்டி, விசையைத் தடுத்துவைக்கும் சேஃப்டியைப் போட்டுவிட்டு, ஸ்கோப்பில் காட்சி தெளிவாகத் தெரியும்படி சரிசெய்தேன். பிறகு சுடத் தயாராகி, விரலை வெளியே நீட்டி வைத்தபடியே, கட்டைவிரலால் சேஃப்டியை முன்னே தள்ளினேன். துப்பாக்கி வெடித்தது. குழல் மண்மேட்டைப் பார்த்திருந்ததால் யாருக்கும் எதுவும் ஆகவில்லை. இதே துப்பாக்கியைப் பனி படிந்த பாறைச் சரிவில், எனக்கு முன்னால் ஒரு நண்பர் ஏறிக்கொண்டிருக்கும்போது நான் பிடித்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்று நினைக்கும்போது இப்போதும் கை நடுங்குகிறது.

வேறு ஊரில் பல காலமாகத் தொழில் செய்யும் ஒரு துப்பாக்கிப் பழுதுபார்ப்பவரிடம் கொண்டுபோனேன். அவர் விசைப்பகுதியைப் பிரித்துக் காட்டினார். தோட்டாவைத் தட்டி வெடிக்கவைக்கும் ஊசியைத் தடுத்துப் பிடிக்கும் இரண்டு உலோக விளிம்புகளும் நூலிழை அளவுக்குத்தான் பற்றிக்கொண்டிருந்தன. விசைச் சுருளை வெட்டிக் குட்டையாக்கியிருந்தார்கள். இரண்டரை பவுண்டு அழுத்தம் என்று சொல்லி விற்ற விசை, ஒரு பவுண்டுக்கும் குறைவாகவே தாங்கியது. “மெருகேற்றல்” என்று அவர்கள் பணம் வாங்கியது இந்த வேலைக்குத்தான்.

2014 ஏப்ரலில் ரெமிங்டன் நிறுவனம் எக்ஸ்-மார்க் புரோ விசை பொருத்திய மாடல் 700, மாடல் செவன் துப்பாக்கிகளைத் திரும்ப அழைத்தது. விசையைப் பொருத்தும்போது பயன்படுத்திய பசை அதிகமாகிவிட்டதால் தானாக வெடிக்கக்கூடும் என்பது காரணம். பெரிய தொழிற்சாலையிலேயே விசையில் இவ்வளவு சிறிய தவறு இவ்வளவு பெரிய ஆபத்தாக முடியும் என்றால், சுருளை வெட்டும் பட்டறைக்காரர் எவ்வளவு கவனமாக இருக்க வேண்டும்!

கடைக்குத் திரும்பினேன். முதலில் எண்ணெய் போடாதது என் தவறு என்றார்கள். பிறகு, விற்ற துப்பாக்கியைத் திரும்ப வாங்கச் சட்டம் இடம் தராது என்றார்கள். இது பச்சைப் பொய். உரிமம் பெற்ற வணிகர் தனிமனிதரிடமிருந்து துப்பாக்கி வாங்கலாம், தன் பதிவேட்டில் எழுதிக்கொண்டால் போதும். பழைய துப்பாக்கி வியாபாரமே அப்படித்தான் நடக்கிறது. திரும்பப் பெறாதது அந்தக் கடையின் விருப்பம், சட்டத்தின் கட்டளை அல்ல. இந்த வார்த்தையைக் கேட்டு யாரும் பின்வாங்க வேண்டாம்.

என்னைக் காப்பாற்றியது ரசீது. “கார்பன் இழைக் கட்டை, 5 பவுண்டு 8 அவுன்ஸ்” என்று அதில் எழுதச் சொல்லி வாங்கியிருந்தேன். அந்த ரசீது, பிரித்த கட்டையின் படங்கள், பழுதுபார்ப்பவர் கையெழுத்திட்டுத் தந்த அறிக்கை மூன்றையும் பார்த்த கடன் அட்டை நிறுவனம் மெருகேற்றலுக்கும் ஸ்கோப் மாட்டியதற்கும் கொடுத்த தொகையைத் திருப்பிக் கொடுத்தது. துப்பாக்கியின் அடிப்படை விலை வரவில்லை. மாநிலத் தலைமை வழக்கறிஞர் அலுவலகத்தின் நுகர்வோர் பிரிவில் புகார் கொடுத்திருக்கிறேன்.

நீங்கள் கடைக்குப் போகும்போது தராசைக் கையோடு கொண்டுபோங்கள். முகம் சுளித்தால் அந்தக் கடை வேண்டாம். பட்டியலில் போடும் எடை வெறும் துப்பாக்கியின் எடை என்பதை நினைவில் வையுங்கள். ஸ்கோப், வளையங்கள், தோள்வார், தோட்டா எல்லாம் சேர்ந்தால் ஒன்றேகால், ஒன்றரை பவுண்டு கூடும். குழலுக்கும் கட்டைக்கும் நடுவே ஒரு டாலர் நோட்டைச் செருகி, முன்பகுதியைக் கையால் அழுத்தியபடியே நோட்டை நகர்த்திப் பாருங்கள். சிக்கினால் வாங்காதீர்கள். விசைக்கு, கடைக்காரரின் அனுமதியோடு, தோட்டா இல்லை என்பதைக் கண்ணாலும் விரலாலும் உறுதிசெய்துகொண்டு, பாதுகாப்பான திசையில் குழலைத் திருப்பி, போல்டை மூடி, சேஃப்டி போட்ட நிலையில் விசையை நன்றாக இழுத்துவிட்டு விரலை எடுங்கள். பிறகு சேஃப்டியை விடுவியுங்கள். “டிக்” என்று சத்தம் கேட்டால் துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டு வெளியே வந்துவிடுங்கள். போல்டை வேகமாக அடித்து மூடும்போதும் அந்தச் சத்தம் வரக்கூடாது. “இன்று விட்டால் போய்விடும்” என்ற அவசரத்துக்கு இடம் கொடுக்காதீர்கள். 2023 அக்டோபர் முதல் கொலராடோவில் எப்படியும் மூன்று நாள் காத்திருந்துதான் துப்பாக்கியைக் கையில் வாங்க முடியும்.

இன்னொன்றும் அதே கடையில் நடந்தது. என்னோடு வந்த தம்பி எச்-1பி விசாவில் இருப்பவர். விற்பனையாளர் அவரைத் தனியே அழைத்துப் பேசினார். தம்பி என்னிடம் வந்து, “அண்ணா, உங்கள் பெயரில் இன்னொன்று எடுத்து என்னிடம் கொடுத்துவிடச் சொல்கிறார், பரவாயில்லையா?” என்று கேட்டார். பரவாயில்லை என்று யாரும் சொல்லிவிடாதீர்கள். அடுத்தவருக்காகத் தன் பெயரில் படிவம் நிரப்பி வாங்குவது கூட்டாட்சிக் குற்றம். 2022ல் வந்த சட்டத்துக்குப் பிறகு 15 ஆண்டு வரை சிறைத் தண்டனை உண்டு. குடியேற்றம் சாராத விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கி வைத்திருப்பதற்குப் பொதுவாகத் தடை இருக்கிறது. ஏதாவதொரு மாநிலத்தின் செல்லுபடியாகும் வேட்டை உரிமம் இருந்தால் விலக்கு உண்டு. வேட்டைப் பயிற்சி வகுப்பை முடித்து உரிமம் எடுத்தால் தம்பி தன் பெயரிலேயே முறையாக வாங்கலாம். இந்த நேர்வழி தெரிந்திருந்தும் அந்த விற்பனையாளர் குறுக்குவழியைக் காட்டினார். மாட்டிக்கொண்டால் நாடு கடத்தப்படுவது தம்பி, விற்பனையாளர் அல்ல.

இப்போது என்னிடம் இருப்பது டிக்கா டி3எக்ஸ் லைட், பின்லாந்தில் செய்தது. சுமார் மூன்று கிலோ. பட்டறைக்காரர் யாரும் தொடாத தொழிற்சாலை விசை. இன்னும் இலகுவாக வேண்டுமென்றால் கிம்பர் 84எம் மொன்டானா ஐந்து பவுண்டுக்குச் சற்று மேல்தான், ஆனால் அவ்வளவு இலகுவான துப்பாக்கியை ஆடாமல் பிடிக்க நிறையப் பழக வேண்டும்.

டென்வர் பக்கம் “பட்டறையில் மெருகேற்றிய” மலைத் துப்பாக்கியை ஏற்கெனவே வாங்கியிருப்பவர்கள், மேலே சொன்ன விசைச் சோதனையை இன்றே செய்யுங்கள். சந்தேகம் இருந்தால் விற்ற கடைக்குப் போகாமல் வேறொரு பழுதுபார்ப்பவரிடம் காட்டுங்கள். அவர் பார்த்துச் சரி என்று சொல்லும்வரை அதில் தோட்டா ஏற்றாதீர்கள்.