பழைய சதுர மொனிட்டர்: மக் மினிக்கா, ராஸ்பெரி பைக்கா?

கல்லடியில் எங்கள் வீட்டு விண்டோஸ் பெட்டி செத்துவிட்டது. அதோடு இருந்த 17 அங்குலச் சதுர மொனிட்டர் சாகவில்லை. உப்புக் காற்றில் பின்பக்கத் திருகாணிகள் துருப்பிடித்தன, அவ்வளவுதான். இப்போது வீட்டில் இருப்பவை மருமகனின் எம்1 மக் மினியும் (அப்பிளின் சின்னப் பெட்டிக் கணினி) மகளின் ராஸ்பெரி பை 4 உம் (உள்ளங்கையளவுக் கணினி; கீழே ‘பை’ என்பது இதுதான்). இரண்டையும் அதில் மாட்டிப் பார்த்தேன்.

எதையும் வாங்குமுன் மொனிட்டரின் முதுகைப் பாருங்கள். டி.வி.ஐ. என்ற டிஜிட்டல் பட வாய் இருந்தால் கவலையே இல்லை. இந்தக் கணினிகளின் எச்.டி.எம்.ஐ. வாய் படத்தை அனுப்புவதும் அதே டிஜிட்டல் முறையில்தான் என்பதால் சாதாரண வயரே போதும். எங்களுடையதில் நீல நிற வி.ஜி.ஏ. மட்டும். அது 1987 இல் ஐ.பி.எம். கொண்டுவந்த, டிஜிட்டல் அல்லாத அனலொக் முறை. நடுவில் ஒரு சிப் இருந்து மாற்றிக் கொடுக்காவிட்டால் படம் வராது. நான் அதை மறந்து, ஒரு முனை எச்.டி.எம்.ஐ., மறுமுனை வி.ஜி.ஏ. என்றிருந்த வெறும் வயரை வாங்கி வந்தேன். "எல்லாத்துக்கும் வேலை செய்யும் அண்ணன்" என்றார் கடைக்காரத் தம்பி. திரை கறுப்பாகவே கிடந்தது.

அப்புறம் சிப் உள்ள மாற்றி வாங்கினேன். மக் மினியில் உடனே படம் வந்தது. பையில் வந்து வந்து போனது. மாற்றிக்கு வேண்டிய மின்சாரம் எச்.டி.எம்.ஐ. வாய் வழியாகவே போகவேண்டும். பை அதில் கொடுப்பது கொஞ்சம்தான். யூ.எஸ்.பி. வழியாகத் தனியாகக் கரன்ட் எடுக்கும் மாற்றியைப் போட்டதும் படம் போகாமல் நிலைத்து நின்றது. பை 4 இல் இருப்பது மைக்ரோ எச்.டி.எம்.ஐ. என்பதால் அதற்கும் ஒரு சின்ன வயர் தேவை. சத்தத்துக்குப் பையிலேயே ஹெட்போன் துளை இருக்கிறது. பை 5 இல் அது இல்லை. படம் ஒரு பக்கம் தள்ளி நின்றால் மொனிட்டரின் ஆட்டோ பொத்தானை ஒருமுறை அழுத்துங்கள், சரியாகிவிடும்.

மக் மினியில் வேறொரு வில்லங்கம். மக்கின் இயங்குதளத்தில் 2018 இன் மொஹாவே பதிப்பிலிருந்து, இந்த மாதிரித் திரைகளில் எழுத்தைக் கூர்மையாகக் காட்டிவந்த பழைய உத்தியை அப்பிள் கைவிட்டுவிட்டது. எழுத்துகள் மெலிந்து, புகைந்தது போல் தெரிகின்றன. காசு கட்டிப் பார்க்கும் படங்களும் வி.ஜி.ஏ.யில் ஓடாமல் போகலாம். படத்தைக் களவாக நகலெடுக்காமல் தடுக்கும் பூட்டு அந்த வழியில் வேலை செய்யாது.

"அப்ப பழைய ஃபுல் எச்.டி. ஒன்று வாங்குவமா மாமா?" என்றான் மருமகன். கணக்குப் போட்டுப் பார்த்தோம். 1280 x 1024 புள்ளிகள் கொண்ட 17 அங்குலத் திரையில் அங்குலத்துக்குச் சுமார் 96 புள்ளிகள். 24 அங்குல ஃபுல் எச்.டி.யில் (1920 x 1080) சுமார் 92. ஜன்னல்களைப் பரப்பி வைக்க இடம் கிடைக்கும், அனலொக் மங்கலும் போகும். ஆனால் புள்ளிகள் நெருக்கமாக இல்லாததால் எழுத்து இன்னும் மெலிந்துதான் தெரியும். மக்கில் நாள் முழுக்க எழுதுகிறவன் பொறுத்திருந்து, புள்ளிகள் மிக நெருக்கமான 4கே திரை வாங்குவதுதான் நல்லது.

மருமகன் காசு சேர்க்கத் தொடங்கிவிட்டான். மொனிட்டர் மகளின் மேசைக்குப் போய்விட்டது.