பழைய மதர்போர்டு வாங்குகிறீர்களா? பின்பக்கத் தகடு வருகிறதா என்று முதலில் கேளுங்கள்

என் அரை மாதச் சம்பளம் போய்விட்டது. இன்று காலைதான் கடைசியாகக் கைவிரித்தார்கள். கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன்.

பழைய கணினி உதிரிபாகங்கள் விற்கும் ஓர் இணையத் தளத்தில் மதர்போர்டு (கணினியின் எல்லாப் பாகங்களும் வந்து இணையும் முதன்மைப் பலகை) ஒன்று பார்த்தேன். "எல்லாப் பாகங்களும் சேர்த்து" என்று போட்டிருந்தது. விற்பவரை அழைத்தேன். "நானே ஓட்டிக்கிட்டு இருந்த போர்டு சார், கண்ணை மூடிக்கிட்டு வாங்கலாம்" என்றார். போர்டு ஓடும் வீடியோவும் அனுப்பினார். அந்த வீடியோதான் என்னைக் கவிழ்த்தது. கணினி ஆன் ஆனதும் வரும் பயோஸ் அமைப்புத் திரை பளிச்சென்று தெரிந்தது, போர்டின் பின்பக்கம் ஒரு நொடிகூடத் தெரியவில்லை. நானும் கேட்கவில்லை. அரை மாதச் சம்பளத்தை அப்போதே அனுப்பிவிட்டேன்.

பெட்டியைப் பிரித்தால் ஐஓ ஷீல்டு இல்லை. கேபினெட்டின் பின்னால் யூஎஸ்பி, லேன், ஆடியோ போர்ட்டுகளைச் சுற்றி வருமே, அந்த மெல்லிய தகடு. கேட்டதற்கு, "அது வெறும் தகரம் சார், இல்லாமலே ஓடும்" என்றார்.

ஓடும்தான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் ஏடிஎக்ஸ் என்ற பொது அளவில் வரும் கேபினெட்டில் கிட்டத்தட்ட 159 மி.மீ. நீளம், 44 மி.மீ. உயரத்துக்கு ஓட்டை திறந்தே கிடக்கும். தூசியும் பூச்சியும் நேராக உள்ளே போகும். தகட்டில் இருக்கும் சின்னச் சின்ன நாக்குகள் போர்ட்டுகளின் உலோக உறையைத் தொட்டுக்கொண்டு நிற்கும். பென்டிரைவ் செருகும்போது நம் விரலிலிருந்து பாயும் நிலைமின்சாரம் கேபினெட்டுக்கு இறங்க அது ஒரு வழி. மின்காந்த இரைச்சல் வெளியே கசியாமல் தடுப்பதும் அதன் வேலை. இதைத்தான் தகரம் என்கிறார்.

விடாமல் கேட்டதும் ஒரு தகடு அனுப்பினார். அது வந்து சேரவே ஐந்து நாள். வேறு மாடலுடையது. வெளி அளவு ஒன்றுதான், துளைகள் போர்டுக்குப் போர்டு மாறும். லேன் துளை பாதி மூடியிருந்தது. "கொஞ்சம் அழுத்துங்க சார், உட்கார்ந்துரும்" என்றார். அவர் பேச்சைக் கேட்டு அழுத்தினேன். ஒரு நாக்கு மடங்கி யூஎஸ்பி போர்ட்டுக்குள் போனது எனக்குத் தெரியவில்லை. ஆன் செய்தால், யூஎஸ்பியில் அதிக மின்னோட்டம், 15 விநாடியில் அணைந்துவிடும் என்று திரையில் எச்சரிக்கை. தகட்டைக் கழற்றி எறிந்தும் பார்த்தேன். அதே எச்சரிக்கை, அதே 15 விநாடி.

அப்புறம் ஆரம்பித்தது அலைக்கழிப்பு. "நீங்க சரியா மாட்டலை சார்" என்று சொன்னவர் அதன்பின் அழைப்பையே எடுக்கவில்லை. தளத்தின் வாடிக்கையாளர் சேவையில் ஒவ்வொரு முறையும் புது ஆள்; ஒவ்வொருவரிடமும் முதலிலிருந்து கதை சொல்ல வேண்டும். ஒருவர் படம் கேட்டார், அனுப்பினேன். அடுத்தவர் அதே படத்தை மறுபடி கேட்டார். கடைசியில், சேதமடைந்த பொருளைத் திரும்பப் பெற இயலாது, ஏழு நாள் கெடுவும் முடிந்துவிட்டது என்றார்கள். அந்த ஏழில் ஐந்து நாளைத் தின்றது அவர் அனுப்பிய தகடுதான்! அரை மாதச் சம்பளம் கொடுத்தவனுக்கு, "தங்கள் பொறுமைக்கு நன்றி" என்று ஒரு குறுஞ்செய்தி.

விரிவாக எழுத நினைத்தேன், இப்போது முடியவில்லை. போர்டின் பின்பக்கப் படம், தகட்டோடு, கேட்டு வாங்குங்கள். தகடு இல்லையென்றால் அன்றே திருப்பி அனுப்புங்கள், "அனுப்புறேன்" என்றால் காத்திருக்காதீர்கள். வேறு மாடல் தகட்டை அழுத்தி மாட்டாதீர்கள். சரியான தகடாக இருந்தாலும் ஆன் செய்வதற்கு முன் ஒவ்வொரு போர்ட்டுக்குள்ளும் டார்ச் அடித்துப் பாருங்கள். பேசுவதை எல்லாம் எழுத்தில் வாங்குங்கள். "அழுத்துங்க" என்று அவர் சொன்னது தொலைபேசியில், என்னிடம் ஆதாரம் இல்லை.