சிறிய பைனாகுலருக்கு எட்டு மடங்கே போதும்

பறவை பார்ப்பதற்கென்று நான் முதலில் வாங்கியது 10×25 அளவுள்ள, சட்டைப்பையில் அடங்கும் மலிவான பைனாகுலர். பத்து மடங்கு பெருக்கினால் எட்டு மடங்கைவிடத் தெளிவாகத் தெரியும் என்று நம்பியிருந்தேன். ஆனால் இலைகளுக்கிடையே ஓயாமல் தாவும் கதிர்க்குருவியை அதன் குறுகிய பார்வைப் புலத்துக்குள் கொண்டுவருவதற்குள் பறவை வேறு கிளைக்குப் போயிருக்கும். தப்பித்தவறி அகப்பட்டாலும் கையின் நடுக்கமும் பத்து மடங்காகி, புருவக்கோடு இருக்கிறதா இல்லையா என்பதைக்கூடச் சொல்ல முடியாது. அதன்பின் வாங்கிய 8×25, இப்போது கையில் இருக்கும் 8×32 இரண்டும் அந்தக் குறையைத் தீர்த்தன.

இந்த எண்களில் முதலாவது உருப்பெருக்கம், இரண்டாவது முன்லென்ஸின் விட்டம் மில்லிமீட்டரில். இரண்டாவதை முதலாவதால் வகுத்தால் கண்ணுக்கு வந்து சேரும் ஒளிவட்டத்தின் அளவு கிடைக்கும்: 10×25-க்கு 2.5 மி.மீ., 8×25-க்கு ஏறத்தாழ 3.1, 8×32-க்கு 4. நல்ல வெயிலில் நம் கண்மணி இரண்டு மூன்று மில்லிமீட்டருக்குச் சுருங்கிவிடுவதால் 8×25 தாராளமாகப் போதும். விடியற்காலையில் கண்மணி விரிகிறது. பறவைகள் மிகச் சுறுசுறுப்பாக இருக்கும் அந்த வேளையில்தான் சிறிய கருவிகள் மங்கலாகக் காட்டுகின்றன.

கடையில் பெட்டியின் வாசகங்களைவிட உங்கள் கண்களையே நம்புங்கள். பைனாகுலரைக் கைநீட்டும் தூரத்தில் பிடித்து, வெளிச்சமான சுவரை நோக்கித் திருப்பி (சூரியனை ஒருபோதும் நோக்க வேண்டாம்), கண்வில்லையில் (நாம் கண் வைக்கும் பக்கத்து லென்ஸில்) தெரியும் ஒளிப்புள்ளியைக் கவனியுங்கள். அது முழு வட்டமாக இருந்தால், உள்ளே தலைகீழ்ப் படத்தை நிமிர்த்தும் பிரிசம் பெரும்பாலும் பேக்-4 என்ற உயர்தரக் கண்ணாடி. ஓரங்கள் சாம்பல் நிறமாக வெட்டுண்டு சதுரம்போலத் தெரிந்தால் மலிவான பிகே-7 கண்ணாடி. பிறகு முன்லென்ஸை விளக்கடியில் சாய்த்துப் பாருங்கள். பிரதிபலிப்பைக் குறைக்கும் பூச்சில்லாத ஒவ்வொரு கண்ணாடிப் பரப்பும் சுமார் 4 விழுக்காடு ஒளியைத் திருப்பி அனுப்பிவிடும் என்பதால், பிரதிபலிப்பு மங்கிய பச்சையாகவோ ஊதாவாகவோ இருப்பது நல்லது. சன்னல் கண்ணாடிபோல வெள்ளையாகப் பளிச்சிட்டால் வைத்துவிடுங்கள். மாணிக்கச் சிவப்பில் மின்னும் பூச்சும், உருப்பெருக்கத்தைக் கூட்டிக் குறைக்கும் ஜூம் வகையும் எனக்கு உடன்பாடில்லாதவை.

குறைந்த விலையில் நேர்க்குழாய் வடிவ ரூஃப் பிரிசத்தைவிட, முன்லென்ஸும் கண்வில்லையும் ஒரே நேர்கோட்டில் அமையாத போரோ பிரிசமே தெளிவாகக் காட்டுகிறது என்பது என் அனுபவம். ரூஃப் வகையில் ஒளி அலைகள் பிசகிப் படம் மங்காமலிருக்கத் தேவையான கட்டத் திருத்தப் பூச்சை மலிவான கருவிகளில் பெரும்பாலும் விட்டுவிடுவார்கள். போரோவுக்கு அது தேவையே இல்லை. பென்டாக்ஸின் பப்பிலியோ 6.5×21 அத்தகைய சிறிய போரோதான். அரை மீட்டர் தூரத்திலுள்ள வண்ணத்துப்பூச்சியையும் குவியப்படுத்தும். பூச்சிகளையும் பார்ப்பவர்களுக்கு அதைத் தயங்காமல் சொல்வேன்.

கண்ணாடி அணிபவர்கள் கண் இடைவெளி (முழுப் படமும் தெரியக் கண்வில்லையிலிருந்து கண் இருக்கக்கூடிய தூரம்) 15 மி.மீ. அல்லது அதற்கு மேல் இருக்கிறதா என்று கட்டாயம் பார்க்க வேண்டும். இல்லையெனில் படத்தின் நடுப்பகுதி மட்டுமே தெரியும்.

எடைதான் கடைசிக் கணக்கு. 8×25 ஏறத்தாழ 300 கிராம், 8×32 ஏறத்தாழ 500 கிராம். பகலில் மட்டும் நடப்பவருக்கு முன்னது போதும். நான் விடியலில் கிளம்புகிறவன் என்பதால் கூடுதல் 200 கிராமைக் கழுத்தில் சுமக்கிறேன். முன்பு கரும்புள்ளியாக மட்டுமே தெரிந்த மீன்கொத்தியின் முதுகு நீலம் இப்போது சூரியன் எழுமுன்பே தெரிகிறது.