குல்மார்க் டூரில் "கோதுமை இல்லாத சாப்பாடு" என்று தனிப் பணம் கேட்டால், இதைப் படித்துவிட்டுக் கொடுங்கள்

காரைக்குடிப் பக்கமிருந்து காஷ்மீருக்குக் குடும்பமாகக் கிளம்புகிறவர்கள், அதிலும் வீட்டில் கோதுமை சேராத ஆள் ஒருவராவது இருப்பவர்கள், அட்வான்ஸ் கொடுக்கும் முன் இதைப் படியுங்கள். போன பிப்ரவரியில் 14 பேராகக் குல்மார்க் போனோம். "தனிச் சமையல்" என்று தலைக்கு 1,500 வீதம் 21,000 ரூபாயைக் கூடுதலாக வாங்கிய டிராவல்ஸ்காரர் அங்கே தனி ஆளும் அனுப்பவில்லை, தனி அடுப்பும் வைக்கவில்லை. என் மகள் மூன்று நாள் படுக்கையில் கிடந்தாள். நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுத்திருப்பதால் அவர் பெயரை இங்கே போடவில்லை.

மகளுக்கு 15 வயது. நான்கு வருடத்துக்கு முன்னால் அவளுக்கு ரத்தம் குறைந்துகொண்டே போனது, எத்தனை இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தும் ஏறவில்லை, வளர்த்தியும் நின்றுபோயிருந்தது. மதுரையில் ஒரு டாக்டர்தான் டிடிஜி என்ற ரத்தப் பரிசோதனையை எழுதிக்கொடுத்து, அப்புறம் எண்டோஸ்கோப்பி செய்து சிறுகுடலில் துளி சதை எடுத்துப் பார்த்து, சீலியாக் என்று சொன்னார். இதை அலர்ஜி என்று நினைத்துவிடாதீர்கள். கோதுமை, பார்லி, ரை மூன்றிலும் இருக்கும் குளூட்டன் உள்ளே போனால் உடம்பு தன் சிறுகுடலையே தாக்கும், உட்சுவரில் இருக்கும் குடலுறிஞ்சிகள் தேய்ந்துபோகும், சாப்பிடுவது எதுவும் உடம்பில் ஒட்டாது. மருந்து கிடையாது. ஆயுசுக்கும் குளூட்டன் படாமல் சாப்பிடுவது ஒன்றுதான் வழி.

நம் ஊர்ச் சாப்பாட்டில் இது பெரிய கஷ்டம் இல்லை. இடியாப்பம், வெள்ளைப் பணியாரம், கந்தரப்பம், கும்மாயம், தேன்குழல், கவுனி அரிசி எல்லாமே அரிசியும் உளுந்தும் பாசிப்பருப்பும்தானே. கல்யாண வீட்டில் ரங்கூன் புட்டு வந்தால் மட்டும் வேண்டாம் என்று கையைக் காட்டுவாள், ஏனென்றால் அது ரவை. நாங்கள் தெரியாமல் ஆறு மாதம் தவறு செய்தது பெருங்காயத்தில். கடையில் விற்கும் கூட்டுப் பெருங்காயம் பலவற்றில் மைதா கலந்திருக்கும், டப்பாவுக்குப் பின்னால் பொடி எழுத்தில் போட்டிருப்பார்கள். வீட்டில் நானே ஆறு மாதம் தடுமாறிய விஷயம் இது. அதனால்தான் வெளியூர் என்றதும் எனக்கு அத்தனை பயம்.

குடும்பப் படைப்புக்கு (முன்னோருக்குப் படைக்கும் நாளுக்கு) எல்லோரும் ஊருக்கு வந்திருந்தபோது வளவில் உட்கார்ந்து பேசி முடிவானதுதான் இந்தப் பயணம். கொழுந்தனார் பிள்ளைகளுக்குப் பனிச்சறுக்கு கற்றுக்கொள்ள வேண்டும், அப்பத்தாவுக்கு ஒருமுறையாவது பனியைக் கண்ணால் பார்க்க வேண்டும், என் மகளுக்கு இரண்டும் வேண்டும். டிராவல்ஸ்காரர் வீட்டுக்கே வந்தார். சீலியாக் பற்றி நான் அரை மணி நேரம் சொன்னேன், டாக்டர் கொடுத்த தாளைக் காட்டினேன். "ஆச்சி, நீங்க கவலையே படாதீங்க, நம்ம ஊர் சமையல்காரரே கூட வர்றாரு, பாப்பாவுக்குத் தனி அடுப்பு, தனிப் பாத்திரம், ஒரு துளி கோதுமை படாது" என்றார். ஹோட்டல் கேபிள் காருக்கு நடக்கிற தூரம், இரண்டு கட்ட டிக்கெட்டும் பணத்தில் அடக்கம் என்றும் சொன்னார். ரசீதில் எழுதிக்கொடுத்தது "சிறப்பு உணவு" என்ற இரண்டு சொல் மட்டும். நான் அதைத் திருப்பிக் கேட்டிருக்க வேண்டும், கேட்கவில்லை.

ஸ்ரீநகரில் இறங்கியதும் 14 பேரில் 12 பேருடைய போன் செத்துவிட்டது. வெளி மாநில ப்ரீபெய்டு சிம் ஜம்மு காஷ்மீரில் வேலை செய்யாது, போஸ்ட்பெய்டு வேண்டும். டிராவல்ஸ்காரர் அதைச் சொல்லவே இல்லை. அப்புறம் வண்டி குல்மார்க் போகாமல் டங்மார்க்கில் ஒரு ஹோட்டல் வாசலில் நின்றது. டங்மார்க் என்பது குல்மார்க்குக்குக் கீழே 13 கிலோமீட்டர், மலைப்பாதை. பனிக்காலத்தில் அங்கிருந்து மேலே போகச் சக்கரத்தில் சங்கிலி கட்டிய உள்ளூர் வண்டிதான் பிடிக்க வேண்டும், அதற்குத் தினமும் தனிக் காசு. ஊர்ச் சமையல்காரர் எங்கே என்று கேட்டதற்கு, "அவருக்கு உடம்பு சரியில்லை, ஹோட்டல்ல சொல்லியாச்சு" என்று போனில் பதில் வந்தது. விமானம் ஏறும் முன்னாலேயே டிராவல்ஸ்காரருக்குத் தெரிந்திருக்கும். அப்போதே சொல்லியிருந்தால் நான் மாவும் குக்கரும் இன்னும் அதிகமாகக் கட்டிக்கொண்டு வந்திருப்பேன்.

சமையலறைக்குள் போய்ப் பார்த்தேன். ஒரே மேடையில் சப்பாத்தி மாவு பறக்கிறது, பக்கத்தில் சோறு வடிக்கிறார்கள், ஒரே கரண்டி எல்லாவற்றுக்கும் போகிறது. சூப்பைக் கெட்டியாக்க மைதா கரைத்து ஊற்றினார்கள், நூடுல்ஸுக்கு ஊற்றிய சோயா சாஸிலும் கோதுமை உண்டு. முதல் நாள் என் கையிலிருந்த இடியாப்ப மாவையும் சின்ன மின்சாரக் குக்கரையும் வைத்துச் சமாளித்தேன். மறுநாள் காலை, "சவுத் இந்தியன் குரூப்" என்று எங்களுக்காகவே சூடாக இட்லி கொண்டுவந்து வைத்தார்கள். எல்லோருக்கும் சந்தோஷம். மகள் ஒன்றைப் பிட்டு வாயில் போட்டுவிட்டு, "அம்மா, இது நம்ம இட்லி மாதிரி இல்ல, நறநறன்னு இருக்கு" என்றாள். இந்தக் குளிருக்கு மாவு புளித்திருக்காது, சாப்பிடு என்று நான்தான் சொன்னேன். இரண்டு சாப்பிட்டாள்.

அது ரவா இட்லி. சந்தேகம் வந்து உள்ளே ஓடிப் போய்க் கேட்டபோது அந்தப் பையன் பாக்கெட்டைக் காட்டி, "ஆட்டா நஹீ, சூஜி ஹை" (ஆட்டா இல்லை, ரவைதான்) என்றான். அவன் பொய் சொல்லவில்லை. கோதுமை என்றால் அவனுக்கு ஆட்டா, சப்பாத்தி மாவு. ரவையும் கோதுமைதான் என்று அவனுக்கு யாருமே சொல்லியிருக்கவில்லை. எங்கள் டிராவல்ஸ்காரர் ஹோட்டலுக்கு அனுப்பியிருந்த செய்தியை அப்புறம் வாங்கிப் பார்த்தேன், "ஒரு பெண் ரொட்டி சாப்பிட மாட்டாள்" என்று மட்டும்தான் இருந்தது. 21,000 ரூபாய்க்கு அவர் செய்த வேலை அந்த ஒரு வரி. அதிலிருந்து ஒரு பைசாகூட ஹோட்டலுக்குப் போகவில்லை என்று மேலாளரே சொன்னார்.

இரண்டரை மணி நேரத்தில் வாந்தி ஆரம்பித்தது, அப்புறம் வயிற்று வலி, பேதி, பிள்ளை சுருண்டு படுத்துவிட்டாள். வெளியே பனி கொட்டுகிறது. அரசு மருத்துவமனையில் சலைன் ஏற்றி, பொறுமையாகப் பார்த்துக்கொண்டார்கள். அங்கிருந்த டாக்டருக்கு சீலியாக் என்றால் என்ன என்று நான் விளக்க வேண்டியிருக்கவில்லை. மற்ற பிள்ளைகள் மேலே போய்ச் சறுக்கிவிட்டு வந்து கதை சொன்னபோது அவள் போர்வைக்குள் முகத்தை மூடிக்கொண்டாள். அதை இப்போது நினைத்தாலும் எனக்கு வயிறு எரிகிறது.

கேபிள் கார் விஷயமும் அதே கதைதான். எங்கள் பெயரில் இருந்தது முதல் கட்டம், கொங்டூரி வரைக்கும் மட்டும். 3,900 மீட்டருக்கும் மேலே அபர்வத் வரை போகும் இரண்டாம் கட்டத்துக்கு டிக்கெட் போடவே இல்லை, அது முன்கூட்டி இணையத்தில் பெயரோடு எடுக்க வேண்டியது, அங்கே போய்க் கேட்டால் நடக்காது. அப்பத்தா "போதும்த்தா, இதுவே பார்த்துட்டேன்" என்று சொல்லிவிட்டார்கள், சரி, அதை விடுங்கள்.

எனக்கு இன்றும் ஆறாத விஷயம் இதுதான்: காஷ்மீர் அரிசி தின்கிற ஊர். அங்கே வீட்டுச் சாப்பாடு என்றால் சோறுதான், நம்மைப் போலவே. கடைத்தெருவில் ஒரு பெரியவர் நடத்தும் சின்னச் சாப்பாட்டுக் கடையில் கேட்டபோது, சோறும் ஹாக் என்கிற கீரையும் வைத்தார். கடுகெண்ணெய், பூண்டு, மிளகாய் மட்டும்தான் என்று டப்பாக்களைத் திறந்தே காட்டினார், பெருங்காயம் போடவில்லை. மிச்ச நாட்கள் முழுக்க என் மகள் அதைத்தான் சாப்பிட்டாள், பெரியவர் அவளுக்கென்று ஒரு பாத்திரத்தைக் கழுவித் தனியே எடுத்துவைத்தார். ஊரைத் தெரிந்த ஓர் ஆள் ஏற்பாடு செய்திருந்தால் முதல் வேளையிலிருந்தே இப்படி நடந்திருக்கும்.

ஊர் திரும்பிப் பணத்தைக் கேட்டேன். "ஒரு வேளை இப்படி ஆகிப்போச்சு ஆச்சி" என்று இழுத்தார், பிறகு 5,000 தருகிறேன், புகார் இல்லை என்று கையெழுத்துப் போடுங்கள் என்றார். போடவில்லை. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முதலில் பதிவு செய்தேன், பிறகு சிவகங்கை மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு. நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே கொடுக்கலாம், நடந்ததிலிருந்து இரண்டு வருடத்துக்குள் கொடுக்க வேண்டும், கொடுத்த பணம் 5 லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது. மருத்துவமனைச் சீட்டு, ஜிபே ரசீது, ஹோட்டலுக்கு அனுப்பிய அந்த ஒரு வரிச் செய்தி மூன்றும் கையில் இருந்ததால் மனு எழுத வக்கீலுக்கு ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை.

நீங்கள் போவதாக இருந்தால் "குளூட்டன் ஃப்ரீ உண்டா" என்று மட்டும் கேட்காதீர்கள், உண்டு என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். ரவை போடுவீர்களா, சேமியா போடுவீர்களா, பெருங்காயம் எந்தக் கம்பெனி, பூரி பொரித்த எண்ணெயில் அப்பளம் பொரிப்பீர்களா என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள், பதிலிலேயே ஆள் தெரிந்துவிடும். ஹோட்டல் பெயரை வாங்கி நீங்களே அவர்கள் சமையலறைக்குப் பேசுங்கள். ஆட்டா, மைதா, சூஜி, தலியா (உடைத்த கோதுமை), ஜவ் (அதாவது பார்லி) எதுவும் கூடாது என்று இந்தியில் எழுதிய அட்டை ஒன்றைப் பிள்ளையின் பையிலேயே வையுங்கள். பாக்கெட் சாப்பாடு என்றால், நம் நாட்டு உணவுப் பாதுகாப்பு விதிப்படி கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் குளூட்டன் இருந்தால் "குளூட்டன் ஃப்ரீ" என்று போடக் கூடாது, ஆகவே அந்த எழுத்து இருப்பதை மட்டும் வாங்குங்கள். கூட வரும் சொந்தக்காரர்களிடமும் கிளம்பும் முன்னாலேயே பேசிவிடுங்கள், ஆசையாகப் பிஸ்கட்டை ஒடித்து நீட்டும் சித்தப்பாவுக்கும் இது தெரிய வேண்டும்.

போன வாரம் அந்த டிராவல்ஸ் வாசலில் டிசம்பர் குல்மார்க் பயணத்துக்கு போர்டு வைத்திருக்கிறார்கள், அதில் "எல்லா வகைச் சிறப்பு உணவும் உண்டு" என்று பெரிய எழுத்தில் இருக்கிறது. உங்களில் யாராவது கோதுமை சேராத பிள்ளையைக் கூட்டிக்கொண்டு இந்தக் குளிர்காலத்தில் குல்மார்க் போக எங்கேயாவது பணம் கட்டியிருந்தால் எனக்கு எழுதுங்கள், ரசீதில் எந்த வார்த்தைகளைக் கேட்டு வாங்க வேண்டும் என்று சொல்கிறேன், அந்தச் சோற்றுக்கடைக்கு வழியும் சொல்கிறேன்.