படகில் எரிவாயு சிலிண்டருக்கு எந்த இடம்? நான்கு இடங்களின் ஒப்பீடு

இலங்கையின் கிழக்குக் கரையிலுள்ள வாழைச்சேனைத் துறைமுகத்திலிருந்து வாரக்கணக்கில் ஆழ்கடலுக்குச் செல்லும் பலநாள் படகுகளில் எரிவாயு அடுப்பு வைத்துச் சமைப்பவர்கள், சிலிண்டருக்கு நான்கு இடங்களில் ஒன்றைத்தான் தேர முடியும்: அடுப்புக்கு அருகே அறைக்குள், படகைச் செலுத்தும் அறையான வீல்ஹவுஸின் கூரையில், திறந்த பின்தளத்தில், அல்லது அதற்கென்றே கட்டிய, அடியில் வடிகுழாய் உள்ள தனிப் பெட்டியில். சிறு படகுகளுக்கான தரவிதிகள் நான்காவது வழிக்கே முதன்மை கொடுக்கின்றன. எங்கள் படகுகளுக்கும் அதுவே சிறந்தது என்பது என் முடிவு. ஆயினும் படகுச் சொந்தக்காரர்களான சம்மாட்டிமார் எல்லாராலும் அதை உடனே கட்டிவிட முடியாது என்பதால், மற்ற மூன்றையும் எடைபோட்டுப் பார்க்க வேண்டியிருக்கிறது.

சமையல் எரிவாயு என்பது புரோப்பேன், பியூட்டேன் ஆகிய இரண்டின் கலவை. புரோப்பேன் வாயு காற்றைவிட ஏறத்தாழ 1.5 மடங்கும், பியூட்டேன் ஏறத்தாழ 2 மடங்கும் கனமானவை. வீட்டுக் குசினியில் கசிந்தால் வாயு கதவடியாலாவது வெளியேறும். படகின் உடலோ அடியில் ஒரு பொத்தலும் இல்லாத தொட்டி. கசிந்த வாயு தண்ணீரைப் போலவே கீழிறங்கி, பலகை இடுக்குகளுக்குள்ளால் புகுந்து அடித்தளத்தில் தேங்கிவிடும். காற்றில் 2 வீதமளவு கலந்தாலே அது தீப்பற்றும் நிலையை அடைகிறது. எஞ்சின், ஸ்டாட்டர் மோட்டார், பெற்றரி, தண்ணீர் இறைக்கும் மின்பம்பு ஆகிய எல்லாமே அந்த அடித்தளத்தில்தான் இருக்கின்றன. நடுச்சாமத்தில் பம்பு தானாக இயங்கத் தொடங்கும் கணத்தின் ஒரு பொறி போதும். வாயுவில் சேர்க்கப்பட்ட மணம் காட்டிக்கொடுக்கும் என்று நம்பியிருக்கவும் முடியாது. டீசலும் மீனும் மணக்கும் படகில், மேலே படுத்துறங்குபவரின் மூக்குக்கு அடித்தளத்தில் கிடக்கும் வாயு எட்டாது.

ஆகவே அறைக்குள் வைப்பதற்கு நான் எந்த நிபந்தனையுடனும் உடன்பட மாட்டேன். குழாய் குட்டையாக அமைவதும், வால்வு கைக்கெட்டுவதும் மட்டுமே அதன் நன்மைகள். அவை உயிருக்கு ஈடாகா.

வீல்ஹவுஸ் கூரையில் வைத்தால் கசிவு பெரும்பாலும் காற்றோடு போய்விடும். ஆனால் நிறைந்த 12.5 கிலோ சிலிண்டர், அதன் இரும்பின் எடையையும் சேர்த்தால், ஒருவர் தனியே தூக்கத் தயங்கும் பாரம். வாடைக்காற்றுக் காலத்தில் உருளும் படகில் அதைக் கூரைக்கு ஏற்றி இறக்குவது ஆபத்தான வேலை. வெயில் இன்னொரு சிக்கல். 30 பாகை செல்சியசில் தனிப் புரோப்பேனின் ஆவியமுக்கம், அதாவது மூடிய சிலிண்டருக்குள் அதன் ஆவி கொடுக்கும் அமுக்கம், வளிமண்டல அமுக்கத்தின் 10 மடங்குக்கும் மேல். பியூட்டேனுடையது ஏறத்தாழ 3 மடங்குதான். 2021ஆம் ஆண்டின் இறுதி மாதங்களில் இலங்கையின் பல பகுதிகளிலும் வீட்டு எரிவாயு வெடிப்புகள் நிகழ்ந்தபோது, இந்த இரண்டின் கலப்பு விகிதமே பெரும் பேச்சாக இருந்தது. புரோப்பேனின் பங்கு கூடினால் சிலிண்டருக்குள் அமுக்கமும் கூடும். கச்சான் என்னும் தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களின் வெயில் அதை மேலும் கூட்டும். கூரைதான் என்று முடிவுசெய்பவர்கள், காற்றோட்டத்தை மறிக்காத ஒரு நிழற்றட்டாவது போட வேண்டும்.

திறந்த பின்தளம் கூரையைவிட நல்லது. புதிதாகச் செலவழிக்க இயலாதவர்களுக்கு என் பரிந்துரையும் அதுவே. கடலுக்குத் திறந்த ஓரமாக, எஞ்சின் அறை மூடியிலிருந்தும் அறை வாசலிலிருந்தும் இயன்றளவு தள்ளி, துருப்பிடியாத உருக்கில் ஒரு கூடு செய்து சிலிண்டரை நிமிர்த்தி நிறுத்த வேண்டும். சரிந்து கிடந்தால் வாயுவுக்குப் பதிலாகத் திரவமே ரெகுலேற்றருக்குள் போய்விடும். இங்கே உண்மையான பகை உப்புநீர். சிலிண்டரின் அடிவளையத்தைக் கவிழ்த்துப் பார்த்தால் தெரியும்: மேலே பூச்சு பளபளத்தாலும், தளத்தில் ஈரம் தங்கும் அந்த விளிம்பில் துரு செதில் செதிலாக உரியும். கூட்டின் அடியில் இரண்டு மரச்சட்டங்களை வைத்துச் சிலிண்டரை உயர்த்தினால் ஈரம் வடிந்துவிடும்.

தனிப் பெட்டியின் சிறப்பு, கசிவு நேர்ந்தாலும் அதற்கு வழிகாட்டிக் கடலுக்கு அனுப்புவதில் இருக்கிறது. 24 மீற்றர் வரையான சிறு படகுகளுக்குரிய ஐ.எஸ்.ஓ. 10239 என்ற சர்வதேசத் தரம், பெட்டியின் அடியிலிருந்து வெளியேறும் வடிகுழாயின் உள்விட்டம் குறைந்தது 19 மில்லிமீற்றர் இருக்க வேண்டும் என்றும், அது படகின் உட்புறத்துக்குத் திறக்கும் எந்த வாயிலிலிருந்தும் 500 மில்லிமீற்றராவது தள்ளி முடிய வேண்டும் என்றும் கேட்கிறது. குழாய் எங்கும் தொய்யாமல் தொடர்ந்து சரிந்திறங்க வேண்டும். தொய்வில் நீர் தேங்கினால் வாயுவுக்கு வழி அடைபட்டுவிடும். வெளிவாய் நீர்மட்டத்துக்கு மேலே இருக்க வேண்டும். ஐஸும் மீனும் ஏற்றிய பின் எங்கள் படகுகள் நன்றாகத் தாழ்வதால், வெறும் படகை வைத்து அந்த உயரத்தைக் கணிப்பது தவறாகிவிடும். மூடி மேற்புறம் மட்டுமே திறக்கலாம்; ரப்பர் குழாய் உள்ளே போகும் துளை வாயு புகாதபடி அடைக்கப்பட வேண்டும். பைபர் வேலை தெரிந்தவர்கள் நம்மூரிலேயே இருப்பதால் பெட்டி கட்டுவது கடினமன்று. கட்டிய பிறகு அதற்குள் வலைத்துண்டும் கயிறும் போட்டு வைப்பதுதான் வடிகுழாயைக் கெடுக்கும். ஒவ்வொரு பயணத்துக்கு முன்னும் ஒரு வாளி தண்ணீரை ஊற்றி, அது தடையின்றி வெளியே விழுகிறதா என்று பார்த்துவிடலாம்.

எந்த இடமானாலும், ரெகுலேற்றருக்கு முன்னால் ஓர் அமுக்கமானி பொருத்துங்கள். அடுப்பின் குமிழ்களை மூடி, சிலிண்டர் வால்வைத் திறந்து முள்ளின் நிலையைக் குறித்துக்கொண்டு, வால்வை மறுபடி மூடிச் சில நிமிடங்கள் காத்திருங்கள். முள் இறங்கினால் எங்கோ கசிகிறது. சவர்க்கார நுரை இடத்தைக் காட்டும், நெருப்புக்குச்சியால் தேடவே கூடாது. சமையல் முடிந்ததும் வால்வைச் சிலிண்டரிலேயே மூட வேண்டும். தீர்ந்துபோன சிலிண்டருக்குள்ளும் வாயு எஞ்சியிருப்பதால், கரை சேரும்வரை அதையும் அறைக்குள் உருட்டி விடாமல், நிறைந்ததற்குக் கொடுத்த அதே பெட்டியில் அல்லது கூட்டில் நிறுத்துங்கள். பெட்டியை அளவெடுக்கும்போதே இரண்டு சிலிண்டருக்கு இடம் விடச் சொல்வது இதற்காகத்தான்.