புது பெயின்ட் அடித்த பழைய கம்ப்ரசரை நம்பாதீர்கள்

ராமநாதபுரம், கீழக்கரை, மண்டபம் பக்கம் பழைய ஏர் கம்ப்ரசர் தேடுகிறவர்கள் இதைப் படித்துவிட்டு அட்வான்ஸ் கொடுங்கள். எனக்கு விற்றது ஓட்டை டேங்க். பணம் போனதுகூடப் பரவாயில்லை. அந்த மெஷினை ஓடவிட்டு, பக்கத்தில் நின்று என் மகன் கதவுக்கு ஸ்ப்ரே அடித்துக்கொண்டிருந்தான். அதை நினைத்தால்தான் இன்னும் பதறுகிறது.

உச்சிப்புளியில் வீட்டுக்குப் பின்னால் சின்ன மரப்பட்டறை வைத்திருக்கிறேன். ராமநாதபுரத்தில் பழைய மெஷின் விற்கும் ஒரு கடையில், நீல பெயின்ட் பளபளக்க 2 எச்.பி. பெல்ட் கம்ப்ரசர் ஒன்றைக் காட்டினார்கள். “மதுரையில கார் ஷெட்ல ஓடினதுண்ணே, உப்புக்காத்தே படாத மெஷின்” என்றார் கடைக்காரர். ஓட்டியும் காட்டினார். காற்றழுத்தம் காட்டும் முள் 8 கிலோவுக்கு ஏறி நின்றது.

வீட்டுக்கு வந்து கொஞ்ச நாளில், ஸ்ப்ரே அடிக்காத நேரத்திலும் மோட்டார் தானாக ஓட ஆரம்பித்தது. சோப்புத் தண்ணீர் தடவினால் டேங்கின் அடியில் நுரை தள்ளியது. காற்றை முழுக்க இறக்கிவிட்டு பெயின்ட்டைச் சுரண்டினேன். உள்ளே ஓட்டையை மறைக்கப் பூசிய பட்டி, பட்டிக்கு அடியில் பொட்டுப் பொட்டாக ஓட்டை. அப்புறம் சேப்டி வால்வைக் கழற்றினேன். அதற்குள் பசை வைத்து அடைத்திருந்தார்கள்! காற்று நிறைந்ததும் மோட்டாரை நிறுத்தும் பிரஷர் சுவிட்ச் ஒருநாள் மக்கர் செய்திருந்தால், ஏறுகிற காற்றுக்கு வெளியே போக வழியே இல்லை. இது ஏமாற்று வியாபாரம் மட்டுமில்லை, உயிரோடு விளையாடுவது.

காற்றை அழுத்தும்போது சூடாகும். டேங்குக்குள் ஆறும்போது அதிலிருக்கும் ஈரம் தண்ணீராகப் பிரிந்து அடியில் தேங்கும். கடலோரக் காற்றில் ஈரத்தோடு உப்பும் சேர்ந்தே உள்ளே போகிறது. அடியிலுள்ள டிரெயின் வால்வைத் திறந்துவிடாத டேங்க் உள்ளிருந்தே அரிக்கும். வெளியே எத்தனை கோட் பெயின்ட் அடித்தாலும் அது நிற்காது. ஓயாமல் பெயின்ட் அடித்துக் காத்த பழைய பாம்பன் ரயில் பாலத்தையே அரிப்பு விடவில்லை, 2022 டிசம்பரில் அதில் ரயிலை நிறுத்தினார்கள்.

அதனால் மோட்டார் சத்தத்தில் மயங்காதீர்கள். முதலில் டேங்கின் அடியைக் கையால் தடவுங்கள், சின்னச் சுத்தியால் தட்டுங்கள். பட்டி இருக்கும் இடத்தில் சத்தம் மந்தமாகக் கேட்கும். டிரெயின் வால்வைத் திறக்கச் சொல்லுங்கள், துருத்தண்ணீர் வந்தால் வேண்டாம். விவரத் தகடு இல்லாத டேங்கும் வேண்டாம். எனக்கு விற்றதில் தகடு இருந்த இடத்தில் ரிவிட் துளைகள் மட்டும்தான்.

முடிந்தால் தண்ணீர் டெஸ்ட் செய்யச் சொல்லுங்கள். குழாய் சோதிக்கும் கைப்பம்பு பிளம்பர்களிடம் இருக்கும். டேங்கில் துளிக் காற்றும் இல்லாமல் தண்ணீர் நிரப்பி, 8 கிலோ மெஷின் என்றால் 12 கிலோ வரை ஏற்றிப் பார்ப்பார்கள். பலமில்லாத டேங்க் தண்ணீரோடு கசியும், அவ்வளவுதான். அதே டேங்க் காற்றோடு விட்டுப்போனால் தகட்டைக் கிழித்து வீசிவிடும்.

நல்ல டேங்க் கிடைத்தவர்கள் தினமும் வேலை முடிந்ததும் தண்ணீரை வடித்துவிடுங்கள். கம்ப்ரசர் ஆயில் பால் மாதிரி வெளுத்தால் ஈரம் கலந்துவிட்டது, உடனே மாற்றுங்கள்.

கடைக்காரரிடம் திரும்பப் போனதற்கு, “பழசுக்கு ஏதுண்ணே கியாரண்டி, வெல்டிங் வச்சுத் தரேன்” என்றார். சரிப்படாது என்று சொல்லிவிட்டேன். ஓட்டையைச் சுற்றியுள்ள தகடும் மெலிந்துதான் இருக்கும், ஒட்டுக்குப் பக்கத்திலேயே அடுத்து கிழியும். பில்லில் “பழைய மெஷின் 1” என்று மட்டும் எழுதியிருக்கிறார். நீங்கள் எச்.பி., டேங்க் அளவு, அதன் நிலைமை எல்லாம் எழுதி வாங்குங்கள்.

1915-க்குப் போன் செய்தால் நுகர்வோர் உதவி மையத்தில் வழி சொல்வார்கள். ராமநாதபுரத்திலேயே மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 2 வருடத்துக்குள் புகார் கொடுக்க வேண்டும், 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் இல்லை. என் புகாருக்காகப் படங்களையும் அடைத்த வால்வையும் பத்திரமாக வைத்திருக்கிறேன். வழக்கு முடிந்ததும் டேங்கை இரண்டாக அறுத்துத்தான் இரும்புக்கடையில் போடுவேன். முழுசாகப் போட்டால் மறுபடி பட்டி வைத்து, பெயின்ட் அடித்து, வேறு யார் வீட்டுக்காவது அனுப்பிவிடுவார்கள்.